ஒழுகும் கட்டடமும் ஓக்ரான் அக்காவும்

ஓக்ரான் அக்காவின் கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார்கள் மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரி. சியோலில் ஒரு மேட்டின்மேல் உட்கார்ந்திருக்கும் எங்கள் பல்கலைக்கழகத்தின் சேர்க்கை அலுவலகத்தில்தான் அவருக்கு வேலை. எங்கள் விளம்பரப் புத்தகத்தில் 'மெட்ரோ நிலையத்திலிருந்து ஏழு நிமிட நடை' என்று போட்டிருக்கும். அக்கா ஒருநாள் ஸ்டாப்வாட்சை அழுத்திவிட்டு நடந்து பார்த்தார். பத்தொன்பது நிமிடம் ஆனது. மழை நாளில் மறுபடி நடந்தார். இருபத்து நான்கு.

"ஏழு நிமிஷங்கிறது மேலேருந்து வழுக்கி விழுறவனுக்கு ஆகுற நேரம் தம்பி" என்றார் என்னிடம்.

நான் பக்கத்து மேஜைக்காரன். பெயர் பான். இந்த அலுவலகத்தில் பதினான்கு வருஷமாக இருக்கிறேன். மனிதர்களைவிட எனக்கு விதிமுறைப் புத்தகத்தைப் பிடிக்கும், அது குறுக்கே பேசாது. அக்கா வாய் ஓயாமல் பேசுவார். வந்த புதிதில், யார் இந்த அம்மாளை என் பக்கத்தில் உட்கார வைத்தது என்று எரிச்சல்பட்டேன். இப்போது அவர் ஒருநாள் லீவு போட்டால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

முழுப் பெயர் மேங் ஓக்ரான். வயது ஐம்பத்து மூன்று. பல்கலைக்கழகத்தில் படித்தவர் இல்லை. இருபத்தொன்பது வயதில் எங்கள் உணவகத்தில் தட்டுக் கழுவச் சேர்ந்தார், பிறகு சூப்பு அண்டாவுக்கு ஏறினார். பதின்மூன்று வருஷம் அண்டாவில் கரண்டி போட்டு மணிக்கட்டு போனதும், வருகிற பிள்ளைகளுக்கு வளாகத்தைச் சுற்றிக்காட்டும் வேலைக்கு இங்கே அனுப்பினார்கள். எந்தப் பேராசிரியர் சிடுசிடுப்பார், எந்த வகுப்பறையில் குளிரும், எந்த மரத்தடியில் பிள்ளைகள் உட்கார்ந்து அழுவார்கள் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. சாப்பிட வருகிறவர்கள் சூப்புக்காரி முன்னால் எதையும் மறைத்துப் பேச மாட்டார்கள்.

அவருக்கு இந்த உண்மை பேசும் வியாதி வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய ஒரே மகன் ஜுன்தே, விளம்பரப் புத்தகத்தில் ஏரியும் அதில் ஒரு வெள்ளை அன்னமும் இருந்த படத்தைப் பார்த்து மயங்கி, வேறொரு ஊர்ப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான். போய்ப் பார்த்தால் ஏரி என்பது தீயணைக்கத் தண்ணீர் தேக்கிய குட்டை. அன்னம் என்பது காலால் மிதிக்கும் பிளாஸ்டிக் படகு. அதற்கும் ஒரு பெடல் இல்லை. அவன் ஏரிக்காகப் படிக்கப் போகவில்லைதான். ஆனால் ஏரி பொய்யானபோது, புத்தகத்தில் சொன்ன ஆய்வகமும் பொய், வேலைவாய்ப்பும் பொய் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டு, ஒரு பருவம் முடிவதற்குள் பெட்டியோடு திரும்பிவிட்டான். இப்போது கார் பழுது பார்க்கிறான், நன்றாகவே இருக்கிறான். ஆனால் அன்னப் படகைப் பற்றி அவன் எதிரில் யாரும் பேச முடியாது.

அன்றிலிருந்து அக்கா, பல ஊர்களிலிருந்து வந்து இறங்கும் பிள்ளைகளைச் சுற்றிக்காட்டும்போது குறையில்தான் ஆரம்பிப்பார்.

"செர்ரிப் பூ பூக்குறப்ப வந்து பாக்காதீங்க. கல்யாண வீட்டுல பொண்ணு பாத்த மாதிரிதான், எல்லாரும் அழகா இருப்பாங்க. செவ்வாக்கிழமை மழையில வாங்க. எட்டரை மணி ரயில்ல நசுங்கிக்கிட்டு வாங்க. அப்பவும் புடிச்சா சேருங்க."

"விடுதி குலுக்கல்தான். விழலைன்னா வெளியில ரூம். ரெண்டு கையையும் நீட்டினா ரெண்டு சுவரும் இடிக்கும். பக்கத்து ரூம்காரன் காணுற கனவு உங்களுக்கும் கேக்கும். சுவரைத் தட்டிப் பாத்துட்டு முன்பணம் குடுங்க, ஜன்னல் இருக்கான்னு கேக்காதீங்க, ஜன்னலைத் திறந்தா என்ன இருக்குன்னு கேளுங்க."

"துறையைப் பத்தி ப்ரொபசர்கிட்ட கேக்காதீங்க. மூணாம் வருஷத்துப் பையனுக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்துக் கேளுங்க."

கடைசியில்தான் நல்லதுக்கு வருவார். "இந்த ஊர் யாரையும் வான்னு கூப்பிடாது. ஆனா போன்னும் சொல்லாது. உங்க ஊர்ல நீங்க என்ன பண்ணாலும் நாலு பேர் கேப்பாங்க இல்ல? இங்க தலையில பூந்தொட்டியை வச்சுக்கிட்டு நடங்க, ஒருத்தன் திரும்ப மாட்டான். நூலகம் ரெண்டு நிறுத்தம், மியூசியம் மூணு நிறுத்தம், வேலை கத்துக்கிற கம்பெனி நாலு நிறுத்தம். படி ஏறி ஏறி காலு மட்டும் கல்லு மாதிரி ஆயிடும். அதுக்கு நான் கேரண்டி."

போன ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை, கொட்டுகிற மழையில், தெற்குக் கடற்கரை ஊரான தோங்யோங்கிலிருந்து ஓர் அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் பெயர் தாக் சேபோம். கட்டடக்கலை படிக்க ஆசை. அம்மாவுக்குச் சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை. குளிர்காலம் பூராவும் நின்றுகொண்டே கத்தியால் சிப்பியைத் திறந்து சதையை எடுக்கிற வேலை அது. நிலையத்திலிருந்து மேட்டுக்கு வரும் முந்நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஏறி முடித்ததும் அந்த அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "கடலுக்குள்ள நடந்திருந்தாக்கூட இவ்வளவு நனைஞ்சிருக்க மாட்டேன்" என்றார்.

மழைக்கு ஒதுங்கிய நானும் அன்று அவர்களோடு சேர்ந்துகொண்டேன். அக்கா அவர்களைக் கட்டடக்கலைத் துறைக்கு அழைத்துப்போய், கூடத்தின் நடுவில் இருந்த சிவப்பு வாளியைக் காட்டினார்.

"இந்த வளாகத்துல ஒழுகுற ஒரே கட்டடம் கட்டடக்கலைத் துறைதான். நாலு வருஷமா வாளி இங்கயே இருக்கு. ப்ரொபசருங்க அதைச் சுத்தித்தான் நடப்பாங்க."

அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. வாயைப் பிளந்துகொண்டு கூரையையே பார்த்தாள். நடந்து நடந்து பார்த்தாள். பிறகு மூலையைக் காட்டிச் சொன்னாள்.

"இங்க ஒழுகல அத்தை. தண்ணி அந்த மூலையில உள்ள வருது. அந்த விரிசலோடயே நடந்து வந்து இங்க சொட்டுது. மூலையை அடைச்சா போதும்."

நான்கு வருஷம். எழுபது பேராசிரியர்கள். ஒருவரும் தலையை நிமிர்த்திப் பார்க்கவில்லை. அக்கா என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. "தம்பி, இந்தப் பொண்ணு இங்க வரணும்" என்றார் மெதுவாக.

மதியம் உணவகத்தில் அக்கா அதற்கும் முன்னறிவிப்புக் கொடுத்தார்: "வியாழக்கிழமை சூப்புல உப்பிருக்காது. சமைக்கிறவ என் பழைய கூட்டாளிதான், இருபது வருஷமா சொல்லிப் பாத்துட்டேன்." தோங்யோங் அம்மா ஒரு வாய் குடித்தார். கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தார். மிளகாய் போட்ட சிப்பி ஊறுகாய். தன் சூப்பில் ஒரு கரண்டி, மகள் சூப்பில் ஒரு கரண்டி, அக்கா சூப்பில் ஒரு கரண்டி. எனக்குக் கொடுக்கவில்லை. அந்த மனக்குறை எனக்கு இன்னும் இருக்கிறது.

அந்தச் சனிக்கிழமையே விஷயம் எங்கள் தலைவர் பியோவின் காதுக்குப் போய்விட்டது. பியோ கெட்டவர் இல்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று மற்றவர்கள் நம்ப வேண்டும் என்று நினைப்பவர், அவ்வளவுதான். விளம்பரப் புத்தகம் அவர் பெற்ற பிள்ளை மாதிரி.

"ஓக்ரான் அக்கா, நாலு லட்சம் செலவு பண்ணி ட்ரோன்ல படம் எடுத்திருக்கோம். நீங்க வாளியைக் காட்டுறீங்க!"

"ட்ரோன்ல எடுத்தா கூரைதானே தெரியும்? உள்ள ஒழுகுறது தெரியுமா?"

அவ்வளவுதான். சுற்றிக்காட்டும் வேலை பறிபோனது. போனில் பேசும் வேலைக்கு மாற்றிவிட்டார்கள். எதிரில் ஓர் அச்சடித்த தாள் இருக்கும், அதில் உள்ளதைத் தவிர வேறொரு சொல் பேசக்கூடாது. பேச்சு முழுக்கப் பதிவாகும். மீனைப் பிடித்து மரத்தில் ஏறச் சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. அக்கா மட்டும் கவலைப்படாமல் ஸ்டாப்வாட்சை போன் பக்கத்தில் மாட்டிக்கொண்டார்.

பிப்ரவரி வந்தது. எங்கள் நாட்டில் பிப்ரவரியில் அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வந்தால், பிள்ளை வைத்திருக்கும் வீட்டில் எல்லாரும் எழுந்து நின்றுவிடுவார்கள். மேலே ஒருவன் வேறு பல்கலைக்கழகத்துக்கு விலகினால், காத்திருப்போர் பட்டியலில் கீழே இருப்பவன் ஒரு படி ஏறுவான். நாங்கள் போன் செய்து சொல்வோம். மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லையென்றால் அந்த இடம் அடுத்தவனுக்கு. கடைசி நாள் மாலை ஆறு மணியோடு கதவு மூடிவிடும். கூப்பிட ஒருவர், நேரத்தை எழுத ஒருவர். அக்கா கூப்பிடுவார், நான் இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு எழுதுவேன்.

கடைசி நாள், ஐந்து இருபதுக்குக் கட்டடக்கலையில் ஓர் இடம் காலியானது. பட்டியலில் அடுத்த எண் பதினேழு. பெயரைப் பார்த்ததும் அக்கா என் முழங்கையைக் கிள்ளினார். தாக் சேபோம்.

"தம்பி! வாளிப் பொண்ணு!"

விண்ணப்பத்தில் இரண்டு எண்கள்தான் இருந்தன, அம்மாவுடையதும் அப்பாவுடையதும். இடம் கிடைக்கும்வரை போனைத் தொடுவதில்லை என்று சேபோம் சபதம் எடுத்திருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. எங்கள் பிள்ளைகள் செய்யும் புத்திசாலித்தனம் இது. இடம் கிடைத்ததைச் சொல்வதே போனில்தான் என்பது சபதம் எடுக்கும்போது தோன்றுவதில்லை. அப்பா படகில் இருந்தார், மணி அடித்து அடித்து நின்றது. அம்மா எடுத்தார்.

அக்கா தாளைப் பார்த்து, மூச்சுவிடாமல் வாசித்தார். "வணக்கம். தாக் சேபோமின் பெற்றோரா? பல்கலைக்கழகச் சேர்க்கை அலுவலகத்திலிருந்து பேசுகிறோம். வாழ்த்துகள். தங்கள் மகள் கூடுதல் சேர்க்கையில் தேர்வாகியுள்ளார். இன்று மாலை ஆறு மணிக்குள் உறுதிசெய்து, பிறகு முன்பணம்..."

"அடியே!" என்று ஒரு சத்தம். நான் ஹெட்போனைக் காதிலிருந்து விலக்கினேன். "போன வாரம் எங்க கொட்டகையில கில்சுன் அக்காவுக்கும் இதே வாழ்த்துதானடி சொன்னீங்க! பையனுக்கு எடம் கெடச்சிருக்கு, ஆறு மணிக்குள்ள பணம் கட்டுன்னு! அவ அஞ்சு வருஷச் சேமிப்பு போச்சு! வேண்டாம் உன் எடம்! வைடி போனை!"

வைத்துவிட்டார்.

பின்னால் நின்ற பியோ பெருமூச்சு விட்டார். "வேண்டாம்னு சொல்லிட்டாங்க. பதிவாகியிருக்கு. அடுத்த ஆளைக் கூப்பிடுங்க. பதினெட்டாம் எண் இந்த ஊர்ப் பையன், முதல் மணியிலயே எடுப்பான்."

அக்காவின் முகம் செத்துப்போனது. அன்றுபோல் விதிமுறைப் புத்தகம் எனக்கு என்றும் இனித்ததில்லை.

"முடியாது சார். விதி பதினொண்ணு. மறுப்பை மாணவர் வாயால சொல்லணும். அம்மா சொன்னது செல்லாது. இன்னும் ரெண்டு தடவை இருக்கு."

"உனக்கு எப்ப பாரு விதி..."

"விதி உங்க கையெழுத்துல இருக்கு சார்."

ஐந்து முப்பத்தைந்துக்கு இரண்டாவது முறை. அக்கா தாளைப் பாதி விட்டுக் கெஞ்சினார். "அம்மா, நாங்க மோசடி இல்லம்மா..."

"எந்த மோசடிக்காரி நான் மோசடின்னு பேட்ஜ் குத்திக்கிட்டு வர்றா?"

"சரி, நீங்களே எங்க ஆபீஸ் நம்பரைப் பாத்துக் கூப்பிடுங்களேன்."

"அதையும் போலீஸ்காரர் வந்து சொல்லிட்டுப் போயிட்டாரு! போனுக்குள்ள என்னமோ வச்சுட்டா அந்த நம்பரையும் உங்க ஆளுதான் எடுப்பானாம்!"

பின்னாலிருந்து ஏழெட்டுப் பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள்: "பேச்சு குடுக்காத! பேச்சு குடுத்தா உருவிருவாளுங்க!" போன் கட்.

குறுஞ்செய்தி அனுப்பினோம். அதையும் அவர் திறக்கவில்லை, திறந்தால் பணம் போய்விடும் என்று போலீஸ்காரர் சொல்லியிருப்பார். மனுஷன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தார்.

ஐந்து நாற்பத்தெட்டு. இன்னும் ஒரே ஒரு முறை. தோங்யோங்கில் ஒரு பெண் தனக்கு இடம் கிடைத்ததே தெரியாமல் இருக்கிறாள், இன்னும் பன்னிரண்டு நிமிடத்தில் அது இல்லாமலும் போய்விடும். பியோ பதினெட்டாம் எண்ணை எடுத்து மேஜைமேல் தயாராக வைத்தார்.

அக்கா அச்சடித்த தாளைக் கவிழ்த்துப் போட்டார். ஸ்டாப்வாட்சை அழுத்தினார். எண்ணைத் தட்டினார். எதிர்முனையில் "மறுபடியுமா!" என்பது கேட்டதும், ஒரே மூச்சில் சொன்னார்.

"அம்மா, வைக்காதீங்க. எங்க யுனிவர்சிட்டி ரொம்ப மோசம்."

பியோ காப்பியைத் தன் சட்டைமேலேயே ஊற்றிக்கொண்டார்.

எதிர்முனையில் சிப்பிக் கத்திகளின் டக்டக் மட்டும் கேட்டது. "என்ன?" என்றார் அந்த அம்மா.

"ஸ்டேஷன்லேருந்து ஏழு நிமிஷம்னு புத்தகத்துல போட்டிருக்கும். பொய். பத்தொன்பது. முந்நூத்திப் பன்னெண்டு படி, கைப்பிடி இடது பக்கம் மட்டும்தான். விடுதி கெடைக்கலைன்னா கெடைக்கிற ரூம்ல கையை நீட்ட முடியாது. வியாழக்கிழமை சூப்புல உப்பிருக்காது."

"...வியாழக்கிழமையா?"

"ஆமாம்மா. நீங்க பையிலேருந்து சிப்பி ஊறுகாய் எடுத்துப் போட்டீங்க. எனக்கும் ஒரு கரண்டி போட்டீங்க. காரம்னா காரம், மூணு நாள் என்னால..."

"காரமா? அது எங்க ஊர்ல குழந்தைங்களுக்குக் குடுக்கிறது!" என்றவர் சட்டென்று நிறுத்தினார். குரல் மாறிவிட்டது. "ஐயோ, கழுத்துல கடியாரம் மாட்டியிருந்தீங்களே, அந்த அக்காவா? அட தெய்வமே! ஏங்க்கா, வாழ்த்து வாழ்த்துன்னு தேனா பேசுனா நான் எப்படி நம்புறது? திட்டிக்கிட்டு ஆரம்பிச்சிருந்தா முதல் தடவையே எழுந்து நின்னிருப்பேனே!"

"அம்மா, அதை அப்புறம் பேசலாம். சேபோம் எங்க? அவ வாயால சொல்லணும். ஒம்பது நிமிஷம்தான் இருக்கு."

"பக்கத்துக் கொட்டகையில சிப்பிப் பெட்டி கட்டிக்கிட்டு இருக்கா!"

பிறகு ஒரு கூப்பாடு கேட்டது. தோங்யோங்கில் கூப்பிட்டது சியோலில் போன் இல்லாமலே கேட்டிருக்கும். கத்திகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. "கெடச்சிருச்சாடி? கெடச்சிருச்சா?" என்று பெண்கள் குரல். ரப்பர் பூட்ஸ் தண்ணீரில் சளக்சளக்கென்று ஓடிவரும் சத்தம். யாரோ வழுக்கி விழுந்தார்கள், யாரோ திட்டினார்கள். நான் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து ஐம்பத்து மூன்று. ஐம்பத்து நான்கு.

மூச்சு வாங்கியபடி ஒரு சின்னக் குரல் வந்தது. பெயர், பிறந்த தேதி எல்லாம் சரியாகச் சொன்னாள்.

"கட்டடக்கலையில உங்களுக்கு இடம் வந்திருக்கு. சேர்றீங்களா?" என்று கேட்டார் அக்கா.

"அத்தை, அந்த வாளி இன்னும் அங்கதான் இருக்கா?"

அக்கா பியோவை ஒரு பார்வை பார்த்தார். "இருக்கும்மா. இப்ப ரெண்டு ஆயிருச்சு."

"மூலையை அடைக்கவே இல்லையா?"

"யாரும் மேலயே பாக்கலம்மா."

"அப்ப சேர்றேன் அத்தை. சேர்றேன்."

கொட்டகையே ஆர்ப்பரித்தது. நான் ஐந்து ஐம்பத்தாறு என்று எழுதினேன். அவசரத்தில் ஆறு எட்டு மாதிரி விழுந்தது, அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன். பதினான்கு வருஷத்தில் என் பதிவேட்டில் விழுந்த முதல் அடித்தல் அது. எனக்கு அதில் வெட்கமில்லை, சந்தோஷமாகத்தான் இருந்தது.

அக்கா ஸ்டாப்வாட்சை நிறுத்திப் பார்த்தார். "எட்டு நிமிஷம். தோங்யோங்லேருந்து எங்க வாசலுக்கு எட்டு நிமிஷத்துல வந்துட்டா. ஸ்டேஷன்லேருந்து வர்றவன்தான் பத்தொன்பது ஆக்குறான்."

பியோ சட்டையில் வழிந்த காப்பியைத் துடைத்துக்கொண்டார். எங்கள் பல்கலைக்கழகம் ரொம்ப மோசம் என்று எங்கள் அலுவலகக் குரலிலேயே பதிவாகியிருந்தது. அதை நினைத்துக் கொதிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். பதினெட்டாம் எண் தாளை எடுத்துக் கோப்புக்குள் வைத்தார். விளம்பரப் புத்தகம் ஒன்றைக் கையில் எடுத்துப் புரட்டினார்.

"பான், அடுத்த அச்சுல அந்த ஏழு நிமிஷத்தை எடுத்துடச் சொல்லு" என்றார் கடைசியில். "பத்தொன்பதுன்னு போடச் சொல்லு. ஆகஸ்ட்லேருந்து அக்கா மறுபடி சுத்திக்காட்டட்டும்."

நான் எழுதிக்கொண்டேன். அக்கா ஸ்டாப்வாட்சைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"மழையில இருபத்து நாலு சார். அதையும் போடச் சொல்லுங்க."